வேலிக்கு இந்தப் பக்கம்

மான்டிசெல்லோ, யூட்டா
ஏப்ரல் 3

அன்பு மகன் அட்ரியனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு நீ எழுதும் முதல் கடிதம். என் நலம் பற்றி ஒரு வரி, ட்ரோன் பற்றி இரண்டு பக்கம். கடிதத்தை வரிக்கு வரி பிரித்துப் பார்க்கக் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். எதற்காக எழுதியிருக்கிறாய் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

தேசியப் பூங்காவுக்குள் படமெடுக்க ட்ரோன் பறக்கவிடத் தடை. அதனால் வேலிக்கு இந்தப் பக்கமுள்ள நம் மேய்ச்சல் நிலம் நினைவுக்கு வந்திருக்கிறது. அனுமதி தருகிறேன். வேலியைத் தாண்டாதே. மேற்குப் பாறையில் வல்லூறு கூடு கட்டியிருக்கிறது, அருகே போகாதே. பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று சுழலும். இங்கே வானம் நீலமாக இருந்தாலும் மலைப் பக்கம் மேகம் தெரிந்தால் கீழே இறங்காதே. மழை அங்கே பெய்யும், வெள்ளம் இங்கே வரும்.

வேலை முடிந்ததும் சாப்பிட வா. பச்சை மிளகாய்க் குழம்பு வைக்கிறேன்.

உன் அம்மா

லாஸ் ஏஞ்சலஸ்
ஏப்ரல் 22

அன்புள்ள அம்மா,

படம் அற்புதமாக வந்திருக்கிறது! நீங்கள் சொன்னபடியே காற்று, மேகம், வேலி, கூடு எல்லாம் பார்த்துத்தான் பறக்கவிட்டேன். காற்று கிளம்பியதும் மூட்டை கட்டிவிட்டேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, வீட்டுக்கு வர முடியவில்லை. கோபிக்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். கடைசிக் காட்சியில் உங்கள் வேலைக்காரி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நடுவில் வந்துவிட்டாள். ஆட்கள் தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. திருப்பிவிட்டேன், அந்தத் துண்டையும் வெட்டிவிட்டேன். செப்டம்பரில் மறுபடி வருவேன். அப்போது அவளை வரவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

அட்ரியன்

மான்டிசெல்லோ
ஏப்ரல் 29

திரு. அட்ரியன் மொன்டோயா அவர்களுக்கு,

இந்த வீட்டில் வேலைக்காரி இல்லை. உன் அப்பா போன மறுவருடமே மாடுகளை விற்று, வேலையாட்களையும் அனுப்பியாயிற்று. நீ வெட்டியது என்னை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உடுத்தும் கறுப்பு உடையில் உனக்குக் கையாட்ட வந்திருந்தேன். பக்கத்து வீட்டு டெல்ஃபினா வேலியோரம் நின்றிருந்தாள்.

"என்னடி எலோயிசா, புள்ள வர்றான்னு ஊரெல்லாம் சொன்னே, கொசுவாட்டம் ஒண்ணு பறந்துட்டுப் போவுது. அவன் எங்க?"

"வருவான்டி. வேலைய முடிச்சிட்டு வருவான்."

"குழம்பு ஆறிடப் போவுது, பாத்துக்க."

ஆறிவிட்டது. அவளிடமே கொடுத்துவிட்டேன்.

நீ விதியை மீறவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும் என்பதும் விதிதான். செப்டம்பருக்கு அனுமதி இல்லை. வாயிற்கதவின் பூட்டை மாற்றிவிட்டேன்.

எலோயிசா மொன்டோயா
நில உரிமையாளர்