கொசுவலையை மாற்ற வேண்டாம்

அப்பாவுக்கு ரோஹிணி வணக்கத்தோட எழுதறது. போன்ல நான் பேசறது உங்களுக்குச் சரியா கேக்கலைங்கறதால கடுதாசி. சுகர் மாத்திரையை வேளைக்குப் போடறீங்களா? சிட்லபாக்கத்துல மழை உண்டா? ஸ்வீடன்ல எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆபீஸ்ல ஒரு சின்னத் தப்பு பண்ணேன். நாங்க கம்ப்யூட்டர்ல வரையற ஏசி குழாய்க்குள்ள தேன்கூடு மாதிரி ஒரு தடுப்பு வரும். அதுல காத்து நேரா போகணும், பக்கவாட்டுல போகக் கூடாது. அதனால நேர் திசைக்குக் கொஞ்சமாவும் மத்த ரெண்டு திசைக்கு ஆயிரம் மடங்கும் தடை குடுப்போம். சென்னை ஆபீஸ்ல நேர் திசைக்கு எப்பவும் எக்ஸ்னு பேர். இங்க இசட். நான் பழக்கத்துல எக்ஸ்னே குடுத்துட்டேன். மூணு நாள் கணக்கு ஓடிச்சு, கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லவே இல்லை. முடிஞ்சு பார்த்தா காத்து தடுப்புக்கு முன்னாலயே நிக்குது. மேனேஜர் லீனா திட்டலை, மறுபடி ஓட்டச் சொன்னா. எனக்கும் ஒண்ணும் தோணலை, சாப்பிடப் போயிட்டேன். அம்மா போனப்ப டிக்கெட் கிடைக்காம இங்கயே உக்காந்திருந்தேனே, அன்னிக்கும் இப்படித்தான் இருந்தது. கவலைப்படாதீங்க.

அங்க நம்ம வீட்டு ரூம் ஜன்னல் கொசுவலையில தூசி அடைச்சிருக்கும். மாடி வீட்டு கேஷவைக் கழட்டிக் கழுவச் சொல்லுங்க, நீங்க ஸ்டூல்ல ஏறாதீங்க. கிழிஞ்சிருக்குன்னு புதுசு போட வேண்டாம். கீழ் மூலையில அம்மா பச்சை நூல்ல தைச்ச இடம் இருக்கும், அங்க மட்டும் தேய்க்க வேண்டாம்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. கழுவினப்புறம் அந்த மூலையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.

ரோஹிணி