விசாரித்தாயிற்று

அக்காவுக்கு,

அம்மா இப்போதெல்லாம் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாள் என்று போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு.

என் முதியோர் இல்லத்துக்குச் சமையல்காரி வந்தபோது, அவள் முன்பு வேலை பார்த்த மூன்று இடங்களிலும் போனில் விசாரித்த பிறகுதான் சேர்த்தேன். "ரொம்பத்தான் பண்றடி" என்று சிரித்தாய். இந்த ஆண் நர்ஸ் வந்த அன்று, யாரும் சொல்லாமலே அம்மாவின் காலடியில் உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டான். எனக்கு மனசு இளகிவிட்டது. அவனுடைய விண்ணப்பத்தில் "விசாரித்தாயிற்று" என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை எவ்வளவு உலுக்கியும் அம்மா எழவில்லை. அவனையும் காணோம், அவன் பையையும் காணோம். ஆம்புலன்ஸில் வரும்போதுதான் அவனுடைய பழைய இடத்துக்குப் போன் செய்தேன்.

"ராத்திரி கூப்பிடுறவங்களுக்கெல்லாம் தூக்க மாத்திரை கொடுத்துட்டிருந்தாம்மா, அதான் அனுப்பிட்டோம்" என்றார் அங்கிருந்த மேட்ரன். "ரெண்டு பேர் அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல."

போலீஸில் சொல்லிவிட்டேன். உன்னிடம் போனில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"பேச்சு கொடுத்துக்கிட்டே இருங்க, காதுல விழலாம்" என்கிறார் டாக்டர். என்ன பேசுவேன்? உனக்கு எழுத எழுத, ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். இமை அசைகிறதா என்று பார்க்கிறேன்.

மேட்ரன் கடைசியாகச் சொன்னதை மட்டும் படிக்கவில்லை. "எங்க நம்பர் அந்தப் பேப்பர்லயே இருந்துச்சேம்மா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

இப்படிக்கு,
உன் தங்கை