மூன்று பாட்டு போதும் என்றார்கள்

என் பக்கத்து வகுப்பு டீச்சருக்கு,

நேற்று ஒட்டுத்தாடிப் பசை என் விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் மத நல்லிணக்க மாறுவேடப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு வேலை இருக்காது என்ற நம்பிக்கைதான். ஒரு பிள்ளைக்கு விபூதிப் பட்டை, ஒன்றுக்குச் சிலுவை, ஒன்றுக்குத் தாடியும் தொப்பியும். மூன்றும் கைகோத்து மேடையில் நடந்தன. பாதியில் தாடி கழன்று தொங்க, நான்தான் பிடித்து ஒட்டிவிட்டேன். நிஜமான முஸ்லிம் பிள்ளைகள் யாரும் இல்லையா என்று அங்கிருந்த டீச்சரைக் கேட்டேன்.

"இருக்காங்க மேடம். ஆனா ஹைட்டு கம்மி" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

நீ இருந்திருந்தால், "இந்தக் கூத்துக்கு மைக்கு வேற" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருப்பாய். நான் மார்க் போட்டுவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

நம் பள்ளி மட்டும் என்ன யோக்கியம்? தலைமையாசிரியர் அறையில் மூன்று மதத்துச் சாமி படங்களும் தொங்கும். பூ ஒன்றுக்கு மட்டும். காலையில் மூன்று மதத்துக்கும் மூன்று பாட்டு. பிள்ளைகள் மூன்றையும் ஒரே தூக்கத்தில் பாடி முடிக்கும். அதை ஒற்றுமை என்று ஆண்டறிக்கையில் எழுதி அனுப்புவார். நீ மட்டும் வகுப்புக்குள் போனதும் தனியாகப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வாய். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் உன்னை அங்கிருந்து தூக்கினார்கள்.

உன் ஆறாம் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே அரைச்சுவர்தான். எல்லாம் கேட்கும். "சாப்புடறதுக்கு முன்னாடி உங்க வூட்ல இன்னா செய்வீங்க?" என்பாய். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கை கூப்பவோ திருப்பிச் சொல்லவோ வேண்டாம். "அடுத்தவங்க சாமிய கும்புட வேணாம். காது குடுத்து கேட்டா போதும்" என்பாய்.

லாரி டிரைவர் மகள் பிஸ்மில்லா சொல்வோம் என்றாள். வெள்ளிமலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண், புதுச் சாமையை முதலில் சாமிக்கு வைத்துவிட்டு எறும்புக்கும் ஒரு பிடி போடுவோம் என்றாள். எறும்புக்கு எதற்கு என்று ஒருத்தி கேட்டாள்.

"அதுவும் எங்க காட்டுலதான இருந்துக்கினு இருக்குது" என்றாள் அவள்.

கருணாபுரத்துப் பெண் முறை வந்தபோது வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு, "எங்க வூட்ல ஒண்ணும் சொல்றதில்ல டீச்சர். சோறு இருந்தா துன்னுவோம்" என்றாள். நீ சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "அதுவும் சொல்ல வேண்டியதுதான். உக்காரு கண்ணு" என்றாய். அன்றைக்கு நான் என் வகுப்பில் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு நின்றேன். முப்பது வருட வேலையில் எனக்குச் சாமி நினைப்பு வந்த ஒரே பிரார்த்தனை அதுதான்.

உன் வகுப்பில் படித்த ஓர் இந்துப் பெண்ணின் அப்பா, நிலபுலன் உள்ளவர், வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தன் மகளும் பிஸ்மில்லா சொல்கிறாள் என்று புகார் எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. "மூணு பாட்டு இருக்குதில்லம்மா, போதாதா? எதுக்கு ஜாஸ்தி வேல?" என்று உன்னிடம் கேட்டார். மறுநாள் பிரார்த்தனை வரிசையில், எறும்புக்குச் சோறு போடுகிறவர்களிடமா பாடம் கேட்பது என்று மலைப் பெண்ணைக் காட்டி நையாண்டி செய்தார். ஒற்றுமைப் பாட்டு பாடி முடித்த அதே வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பொங்கல் விடுமுறைக்கு மலை ஏறியவள் திரும்பி வரவில்லை.

பிறகு விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நீ வகுப்பில் மதம் பரப்புகிறாயா என்று ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் எழுதித் தரவேண்டும். அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் காதால் கேட்டவள் நான் ஒருத்திதான். நான் 'தெரியாது' என்று எழுதினேன். உனக்காகப் பேசினால் என்னையும் மாற்றிவிடுவார்கள் என்ற பயம். வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். அந்த அப்பாவையும் தலைமையாசிரியரையும் இன்றுவரை கேவலமாகத்தான் நினைக்கிறேன். அவர்களாவது தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள்.

உனக்கு வெள்ளிமலைக்கு மாறுதல் வந்தது. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, பை கனமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீ எழுதினது எனக்குத் தெரியும்டி. பயந்துட்ட, அவ்ளோதான். போய் கிளாஸ எடு, பசங்க கத்திக்கினு இருக்கும்" என்றாய்.

பஸ் கிளம்பிவிட்டது. அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம். நானும் பதிலுக்குத் திட்டி, கொஞ்ச நாள் பேசாமல் இருந்து, என்றைக்கோ சமாதானம் ஆகியிருப்போம். நீ சாகும்வரை திட்டவில்லை. அந்த வேலையை இத்தனை வருடமாக நானே செய்துகொண்டிருக்கிறேன்.