தொழில்: இல்லை

உங்களுக்கு,

குடும்ப வரலாறு எழுதச் சொல்லி நீங்கள் கொடுத்த பெட்டியைத் துழாவினேன். உங்கள் கொள்ளுப்பாட்டியின் இறப்புச் சான்றிதழில் 'தொழில்: இல்லை' என்று இருக்கிறது. பரிசு வாங்கிய காளையின் புகைப்படத்தில் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும் வளையல் கை அவருடையதுதான் என்றார் உங்கள் அத்தை. கைக்கு மேலே படத்தைக் கத்தரித்துவிட்டார்கள். காளையின் பெயரை மட்டும் கீழே அழகாக எழுதியிருக்கிறார்கள்.

நேற்று மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் உங்களிடம், "அம்மா என்ன வேலை பண்றாங்க?" என்று கேட்டார். சாணிக் கையோடு நான் எதிரில்தான் நின்றேன்.

"அவளா? சும்மா வீட்லதான் இருக்கா" என்றீர்கள். அவரும் எழுதிக்கொண்டு போனார்.

அக்கா வீட்டுக் கட்டிலில் கால்நீட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விடிந்ததும் மாடுகள் மடி கனத்துக் கத்தும். கறக்க ஆள் தேடாதீர்கள். அதெல்லாம் ஒரு வேலையா?

இப்படிக்கு,
இன்றுதான் சும்மா இருப்பவள்