வருகைப் புத்தகத்தில் இல்லாத பெயர்

பிஸர்த், புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு உமைமாவின் சலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். வேலையில் ஒரு சின்னச் சறுக்கல், அவ்வளவுதான்; பயப்படாதீர்கள்.

எங்கள் சீர்திருத்த இல்லத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், ஒரு சிறுமியிடம் தகாதபடி நடந்துகொண்டதற்காக இங்கே அனுப்பப்பட்டவன். மறுபடி செய்வானா என்று மதிப்பிட்டு நீதிபதிக்கு எழுதுவது என் பொறுப்பு. வீட்டார் துணை உண்டா என்பது அதில் முக்கியமான கேள்வி. வருகைப் புத்தகத்தில் அவனைப் பார்க்க ஒருவரும் வந்ததாக இல்லை. 'துணை இல்லை, ஆபத்து அதிகம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அதைக் கேள்விப்பட்டு, வாசல் காவலர் மப்ரூக் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"புத்தகத்தப் பாத்தியே, வாசலப் பாத்தியா தாயி? வியாழன் தவறாம அவங்கம்மா ரொட்டி சுட்டுக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டுப் போகுது. பேர் எழுதச் சொன்னா, ஊருக்குத் தெரிஞ்சிடும்னு அழுவுது."

கூசிப்போனேன் அம்மா. அந்தச் சிறுமிக்காகவாவது நான் ஒழுங்காக விசாரித்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது என்று நீதிபதியிடம் சொல்லி, அறிக்கையைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

உங்கள் கையால் அரைத்த ஹரிஸா மிளகாய் விழுது கொஞ்சம் அனுப்புங்கள். கடையில் வாங்குவது இறங்க மாட்டேன் என்கிறது.

பஸ் வந்துவிட்டது. நாளை வியாழன், வாசலில் அந்தப் பையனின் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். இந்த இல்லத்தில் வேலை என்பதை மறைத்து, நான் பள்ளிக்கூட ஆசிரியை என்று அக்கம்பக்கத்தில் சொல்லச் சொன்னேனே, இனி அப்படிச் சொல்லாதீர்கள். நானே ஊருக்கு மறைத்தால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் பேர் எழுதச் சொல்வேன்?

உங்கள் உமைமா