அக்காவின் இடது காது மெத்தை

ஜூலை 8, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட யூனிஃபார்ம் பக்கத்து வீட்டு முருங்கையில் போய் மாட்டிக்கொண்டது. குச்சி வைத்து எடுத்தேன். பள்ளிக்குத் தாமதம்.

இன்று முழுக்க நசீமா அக்காவின் ஹெட்போன் பற்றியே யோசனை. (கணக்கு வகுப்பிலும்.) அவள் வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இன்னும் நிரந்தரம் இல்லை. அடுத்த வியாழக்கிழமை அவள் பேசுவதை மேலதிகாரி கூடவே இருந்து கேட்பாராம். ‘மறுபடி சொல்லுங்க சார்’ என்று அடிக்கடி கேட்டால் வேலை போச்சு. இப்போது அடிக்கடிதான் கேட்கிறாள். காது வலிக்கிறதாம். இடது பக்கம் சத்தம் கம்மியாக வருகிறதாம்.

வாங்கிப் பார்த்தேன். கண்ட குறைகள்:
- மேல் பட்டை தலையை நெரிக்கிறது.
- ஸ்பாஞ்சு அப்பளம் மாதிரி தட்டை. காது உள்ளே முட்டுகிறது.
- ரெக்சின் உரிகிறது. அக்காவின் முக்காடெல்லாம் கறுப்புப் பொருக்கு.

நான்காவதுதான் முக்கியம். அக்கா முன்னறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். அத்தாவின் (பள்ளியில் சொன்னால் அப்பாவின்) தோல்பை தைக்கும் பட்டறைக்கு வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அதனால் நாள் முழுக்க முக்காடு. துணியை வலமிருந்து சுற்றி இடது காதுக்கு மேலே பின் குத்துகிறாள். இடப்பக்கம் மட்டும் இரண்டு மடிப்பு. அதன் மேல் ஹெட்போன்.

"துணிய அம்புட்டுத் திணிச்சா காது எப்பிடிக் கேக்கும்?" என்றார் அம்மா. நானும் அதையேதான் நினைத்தேன்.

ஜூலை 9, வியாழன்

வெயில். காற்று நின்றால் தோல் பதனிடும் ஷெட்டுகளிலிருந்து ஊறப்போட்ட தோலின் வாடை.

ஹெட்போனை விரித்துத் தளர்த்த அகராதியின் மேல் மாட்டி வைத்தேன். தலையைவிடக் கொஞ்சம் அகலம், அதுதான் வேண்டும். சாப்பிட வந்த அத்தா பார்த்துவிட்டார்.

"ஏண்டி, நீ படிக்கலைனு புஸ்தகமே பாட்டுக் கேக்குதா?"

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவும் சிரித்தாள், செத்த நேரம் கழித்து. அம்மா சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்த மாதிரி.

பட்டறையிலிருந்து ஆட்டுத்தோல் துண்டு கேட்டேன். பைக்குள் வைத்துத் தைக்கிற மெல்லிய வகை. அத்தா தானே தேடி எடுத்துக் கொடுத்தார். "அக்காவுக்குத்தான? நல்லதா எடுத்துக்க. மிச்சத்துல ஒனக்கு வாய்க்கு ஒரு மூடி தச்சுக்க."

ஜூலை 10, வெள்ளி

தைத்தாயிற்று! பழைய சோபாத் திண்டின் ஸ்பாஞ்சை வளையமாக வெட்டி, மேலே தோல், அதன் மேல் கழற்றித் துவைக்கிற மாதிரி வெள்ளைப் பருத்தி உறை. மேல் பட்டைக்கும் ஒரு மெத்தை. உச்சியில் அழுத்தாது. விரலில் இரண்டு இடத்தில் ஊசி.

பின்னை இடது காதிலிருந்து எடுத்துத் தாடைக்குக் கீழே குத்தச் சொன்னேன். மடிப்பைப் பின்கழுத்துக்குத் தள்ளினேன்.

அக்கா மாட்டிப் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். "மாட்டுன மாதிரியே இல்லடி. வலிக்கவே இல்ல. நீ எஞ்சினியருதான்."

எனக்குக் கால் தரையில் இல்லை.

பிறகு மெதுவாக, "இடது பக்கம் மட்டும் இன்னங் கொஞ்சம் அமுக்கி வையி. காத்துப் போவுது போல."

சரி. இடது மெத்தையைக் கனமாக்க வேண்டும்.

ஜூலை 11, சனி

இடது மெத்தைக்குள் இன்னொரு வளையம். சுண்டுவிரல்கூட நுழையாத அளவு காதைச் சுற்றிக் கவ்வுகிறது.

"இப்ப?"

"பரவால்ல."

அந்தப் ‘பரவால்ல’ எனக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தேன், சத்தம் கடைசிவரை ஏற்றி வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர் பேசுவது எனக்கு வெளியிலேயே கேட்டது. யாரோ ஒரு பெரியவர், பில் பற்றி. வார்த்தைக்கு வார்த்தை கேட்டது.

அக்கா சொன்னாள்: "மறுபடி சொல்லுங்க சார்."

ஜூலை 12, ஞாயிறு

காலையில் கறி வாங்க அத்தாவுடன். மலைக்கோட்டைக்கு மேலே கறுத்த மேகம், ஒரு சொட்டு விழவில்லை. மதியம் பிரியாணி. நான் கேட்காமலே அம்மா எனக்கு நல்லி எலும்பு வைத்தார்.

அக்காவுக்கு லீவு. அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். அவள் தலையில் துணி இல்லை. ஹெட்போனும் இல்லை. கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்று, தெருவே அமைதியாகிவிட்டது. அப்போது அக்கா தலையைத் தூக்கினாள்.

"யம்மா, மோட்டார அமத்தலயா? எம்புட்டு நேரமா ஓடுது. டேங்கு வழியப் போவுது."

அம்மா கையில் கரண்டியுடன் நின்றார். "கரண்டே இல்லையேடி. எங்குட்டு மோட்டாரு ஓடும்?"

"அப்ப அடுத்த வீட்ல."

"அவங்களுக்கு மட்டும் கரண்டு தனியா வருதாக்கும்! தூக்கம் பத்தல ஒனக்கு. போயி படு."

அக்கா சிரித்தாள். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு இடது காதை உள்ளங்கையால் பொத்தினாள். எடுத்தாள். மறுபடி பொத்தினாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கம்மலைச் சரி செய்கிற மாதிரி கையை மாற்றிக்கொண்டாள்.

நானும் கூர்ந்து கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

ஜூலை 13, திங்கள்

மறுபடி காற்று. பிரேயரில் கொடிக்கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு மோட்டார் ஞாபகம்.

இடைவேளையில் அறிவியல் டீச்சரிடம் போனேன். ஒரு காது மட்டும் மந்தமாகி, இல்லாத சத்தமும் உள்ளே கேட்டால் என்ன அர்த்தம் டீச்சர்?

டீச்சர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தினார். "யாருக்கு?"

"சும்மா. ஒரு கதையில படிச்சேன்."

"கதையில இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது. உடனே காது டாக்டர்கிட்டப் போகணும். விட்டா திரும்ப வராமலே போயிரும்." பேனாவை மூடினார். "யாருக்கும்மா?"

மணி அடித்தது. ஓடி வந்துவிட்டேன்.

இருந்தாலும் ஹெட்போன் கோளாறாக இருக்கலாம். ஒயர் உள்ளே விட்டிருக்கலாம். இடது ஸ்பீக்கர் போயிருக்கலாம். யா அல்லாஹ், ஸ்பீக்கராகவே இருக்கட்டும்.

ஜூலை 14, செவ்வாய்

பள்ளி விட்டதும் நேராக வீடு. அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தார். அக்காவுக்கு டீ இடைவேளை.

"புது உறை போட்டிருக்கேன். கண்ண மூடு, மாட்டி விடுறேன்."

"என்னடி வெளயாட்டு? நிக்காஹ் பொண்ணுக்கு மாதிரி."

கண்ணை மூடினாள். இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் வரும், அதை முன்பே என் காதில் வைத்துச் சரிபார்த்திருந்தேன். இரண்டு பக்கமும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்டது. ஆனாலும் அதை நம்ப மனசு வரவில்லை. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். வலது பக்கம் இடது காதில், இடது பக்கம் வலது காதில். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த அவளுடைய பழைய போன் பேச்சு ஒன்றை ஓட விட்டேன்.

"எந்தப் பக்கம் கம்மி?"

"இடதுதான்டி. எத்தன தடவ சொல்றது? அதுல இன்னம் காத்துப் போவுது."

அவள் இடது காதில் இருந்தது, நேற்றுவரை வலது காதில் நன்றாகக் கேட்ட பக்கம்.

அக்கா கண்ணைத் திறந்தாள். மைக் ஒயர் எப்போதும் இடது தோளில் தொங்கும். இப்போது வலது தோளில். அதைத் தொட்டுப் பார்த்தாள். புரிந்துவிட்டது. எனக்கு முன்பே அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் புரிந்துவிட்டது.

"எப்பருந்துக்கா?"

"பக்ரீத் பெருநா கழிச்சு." கழற்றி மடியில் வைத்தாள். மெத்தையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நல்லாத்தான் தச்சிருக்க. அத்தாகிட்டச் சொல்லாத. வியாழக்கெழம முடியட்டும். வேல ஒறுதியாயிரட்டும், நானே போறேன் ஆஸ்பத்திரிக்கு. சத்தியமா."

"டீச்சர் நாள் கடத்தக் கூடாதுன்னாங்க."

"ரெண்டு நாளுதான்டி. எனக்காக."

தலையாட்டிவிட்டேன். பிறகு மூலையில் போய் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா முன்னறைக் கட்டிலில், ஹெட்போன் இன்னும் மடியில். அவளுக்கு இடப்பக்கம் வாசல், வலப்பக்கம் ஜன்னல். வெளியே காற்று ஓய்ந்துவிட்டது.

இப்போது வாசலில் அத்தா. செருப்பைக் கழற்றுகிறார்.

"நசீமா! ஒரு சொம்புத் தண்ணி கொண்டாம்மா."

அக்கா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தே சொன்னாள், "இந்தா வாரேன்த்தா."

அத்தா வாசலிலேயே நின்று, அவளையும் ஜன்னலையும் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

எழுந்துவிட்டேன், அத்தாவிடம் சொல்ல.