பாதிச் சத்தியம்

காஹாங், ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் செல்வாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். நீ பெர்த்தில் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டாலும் நீ ஃபோனில் "ஓகே மா" என்றுதான் சொல்லப் போகிறாய். இட்லிப் பொடிப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். பொடி ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி. போன வாரம் ஃபோனில், தங்கச்சி பாப்பா ஏன் உன்னோடு பேச மாட்டேன் என்கிறாள் என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்றேன். பொய். கூடத்தில் உன் அப்பா இருந்தார், வாசலில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா இருந்தார். கிருஷ்ணம்மா காதில் விழுந்தது குளுவாங் வரைக்கும் போகும், ரயில் ஏறாமலே. வாட்ஸ்அப்பில் எழுதினால் பாப்பா என் ஃபோனை எடுத்துப் படித்துவிடுவாள். அதனால் காகிதம்.

விஷயம் இதுதான். நம் தாமான் குடியிருப்பே திருந்திக்கொண்டிருக்கிறது. நீ இல்லாத நேரமாகப் பார்த்து. பள்ளிப் பேருந்தில் இரண்டு பையன்கள் வேப் ஊதி மாட்டிக்கொண்டார்கள், அதிலிருந்து ஆரம்பம். ஜொகூரில் வேப் கடைகளுக்குத் தடை வந்து எத்தனையோ வருடமாகிறது, ஆனால் கைபேசியில் சொன்னால் மாம்பழ வாசனையோடு வாசலுக்கே வருகிறதாம். உடனே கோயில் மண்டபத்தில் கூட்டம். இளையோர் பாதுகாப்புக் குழு. தலைவர், வேறு யார், மணியம் அங்கிள். உன் அப்பா பொருளாளர். பொருள் எதுவும் இல்லை, பதவி இருக்கிறது. முதல் வேலையாகப் பதாகை கட்டினார்கள். 'போதையற்ற இளையோர், பொலிவான தாமான்.' நாற்சந்தியில் தொங்குகிறது. கீழே மூலையில் நன்றி என்று போட்டு உபயம் கொடுத்த உணவகத்தின் பெயர். அந்த உணவகத்தில் யாரும் சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கூட்டம் முடிந்தால் குழுவினர் களைப்பாற அங்கேதான் போகிறார்கள். போதை ஒழிப்பு அவ்வளவு களைப்பு தரும் வேலை போலிருக்கிறது. உன் அப்பா வீட்டுக்குள் நுழையும்போது ஏலக்காய் மென்றுகொண்டு வருவார். நானும் ஏலக்காய் வாசனை மட்டும் தெரிந்தவள்போல் சாப்பாடு போடுவேன்.

பதாகை போதாது, சாமி முன்னால் சத்தியம் வாங்க வேண்டும் என்று மணியம் அங்கிளுக்குத் தோன்றியது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நம் முனீஸ்வரர் கோயிலில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம். தாமானில் பள்ளிக்கூடம் போகிற பெரிய பிள்ளைகள் எல்லோரும் வர வேண்டும். முனீஸ்வரருக்கு நம் ஆட்கள் என்ன படைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். சுருட்டு, கறுப்பு பீர். சத்தியம் வாங்குகிற நாளில் அதை என்ன செய்வது என்று குழு கூடி விவாதித்தது. கடைசியில் பூசாரி சின்னத்தம்பி பீர் புட்டிகளைப் பூக்கூடைக்குப் பின்னால் வைத்தார், சுருட்டின் மேல் ஒரு மாலை போட்டார். சாமியை மட்டும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. அவருக்கு வயது வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். சத்திய வாசகம் மணியம் அங்கிளின் சொந்தத் தயாரிப்பு. 'நான் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன்.' எதுகை மோனை பார்த்து எழுதியதாகச் சொன்னார்.

பிள்ளைகள் வரிசையாக வந்து அடித்தார்கள். பட், பட். அங்கிளின் மகன் கவின் அடித்த அடியில் தட்டே கவிழப் பார்த்தது, எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மணம். கிருஷ்ணம்மா மூக்கை உறிஞ்சி, "யாரு சாம்பிராணி போட்டது, திராட்சை வாசமா இருக்கே, புதுசா வந்திருக்கா?" என்று கேட்டார். கவின் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். சாம்பிராணிதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அப்போது நம் பாப்பாவின் முறை. கையைத் தூக்கினாள். இறக்கினாள். "அங்கிள், பாதி சத்தியம் பண்ணலாமா?" என்று கேட்டாள். அவருக்கு விளங்கவில்லை. "ரெண்டாவது பாதி பண்றேன் அங்கிள், தொட மாட்டேன்னு. முதல் பாதி முடியாது." "சத்தியத்துல என்னம்மா பாதி? இது என்னா பாசார் மாலாம் சந்தையா, வெல கொறைச்சுக் கேக்க?" என்றார் மணியம் அங்கிள். சிரித்தார்கள். அவள் சூடத்தைத் தொடாமல் திரும்பி நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். பதினாறு வயதுப் பிள்ளை. அத்தனை கண்களுக்கு நடுவில் அந்தத் தூரத்தை நடந்தாள்.

வீட்டில் கேட்டேன். பள்ளி விளையாட்டுப் போட்டி அன்று தோழி ஒருத்தி கொடுத்தாளாம், இரண்டு இழுப்பு. "மாம்பழம்னு சொன்னா மா, சோப்பு தின்ன மாதிரி இருந்துச்சு." கத்தினேன். கரண்டியை வீசினேன், சுவரில் பட்டது, சுவரில் இன்னும் குழம்பு இருக்கிறது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். அந்த மண்டபத்தில் சத்தியத்தை நம்பியவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அவள் சூடத்தை அடிக்கவில்லை. நம்பாதவர்களுக்கு அது வெறும் நெருப்பு, வேகமாக அடித்தால் சுடாது. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அவள் பொய் சொல்லி அடித்துவிட்டு வந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்லாதே என்று வளர்த்தவள் நான். இந்த வரியை அழிக்கப் போவதில்லை.

மறுநாளே குழு முடிவெடுத்தது. சத்தியம் செய்யாதவர்கள் சாமி முன்னால் மேளம் அடிக்கக் கூடாதாம். திருவிழாவுக்கு உறுமி மேளக் குழுவில் முதல் வரிசையில் நிற்க அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று உனக்குத் தெரியும், நீ அனுப்பிய காணொளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். உறுமியை வாங்கிக் கவினிடம் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வாங்கிப் போனது யார் தெரியுமா. பொருளாளர். தலையைக் குனிந்துகொண்டுதான் எடுத்தார், ஆனால் எடுத்தார். அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேச்சில்லை. பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாக வருகிறது. வேப் பாப்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கிருஷ்ணம்மா என்னிடமே வந்து, "யாருமா அப்படிக் கூப்புடுறது, பாவம்" என்று கேட்டார், அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். சாப்பிடும்போது பாப்பாவின் விரல்கள் தட்டின் ஓரத்தில் தாளம் போடும். அப்பா நிமிர்ந்தால் நின்றுவிடும். உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துத்தான் உன்னோடும் பேசவில்லை. உன் முகம் அவளுக்கு முக்கியம்.

நேற்று கோயில் மண்டபத்தில் பெற்றோர் கூட்டம், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆலோசனை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். சொன்னேன். "அண்ணே, பிள்ளைங்க பண்ணிட்டாங்க, பெரியவங்க நாமளும் ஒரு சத்தியம் பண்ணா நல்லா இருக்கும்" என்றேன். மணியம் அங்கிள் சிரித்தார். "நமக்கு எதுக்கும்மா, நமக்குத்தான் சட்டமே பெர்மிட் குடுத்திருக்கே." மற்றவர்களும் சிரித்தார்கள். "குடிக்கிறதப் பத்தி இல்லண்ணே. எம்பிள்ளைய கடைக்கு அனுப்பி சிகரெட்டோ பீரோ வாங்கிட்டு வரச் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன். இவ்வளவுதான்." சிரிப்பு நின்றது. உனக்கு ஒன்பது வயதிருக்கும், மூலைக்கடைக்கு ஓடுவாய், சிகரெட் பாக்கெட்டோடு வருவாய், மீதிக் காசு உனக்கு மிட்டாய்க்கு. இந்தத் தாமானில் ஒவ்வொரு பிள்ளையும் கழித்தல் கணக்குப் படித்தது அப்படித்தான். இப்போது கடைகளில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்பதால் அப்பாமார்கள் மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் சிலருக்கு இந்தச் சட்டத்தின் மேல் உள்ள ஒரே வருத்தம்.

பூசாரி சின்னத்தம்பிக்குக் கேலி விளங்காது. சத்தியம் என்று காதில் விழுந்ததும் தட்டை எடுத்து வந்து சூடத்தை ஏற்றி நடுவில் வைத்துவிட்டார். ஒருவரும் எழவில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு அவசர அழைப்பு, ஃபோன் அடிக்கவேயில்லை, ஆனால் "அலமாக், ஹலோ, ஹலோ" என்று வெளியே போனார். மணியம் அங்கிள் கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சூடம் தானாக எரிந்து தானாக அணைந்தது. பூசாரி இன்னொன்று வைத்தார். அவரிடம் சூடத்துக்குப் பஞ்சமில்லை. அது பாதி எரிந்தபோது நாற்காலி இழுபடும் சத்தம். உன் அப்பா.

"நான் அனுப்பியிருக்கேன்" என்றார். "எம்மகன. எத்தனையோ தடவ. முதல் பாதி என்னாலயும் முடியாது. ரெண்டாவது பாதி பண்றேன். இனிமே எம்பிள்ளைங்கள அனுப்பி வாங்க மாட்டேன்." மணியம் அங்கிள், "குணாளா, பாதியெல்லாம் கெடையாதுன்னு நாமதானே முடிவு பண்ணோம்" என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. அடித்தார். பிள்ளைகள் மாதிரி வேகமாக அடிக்கத் தெரியவில்லை, மெதுவாக வைத்து அழுத்தினார், கை சுட்டுவிட்டது. சுட்ட கையை மடக்கிக்கொண்டு, "இது செல்லும்னா எம்பொண்ணு கேட்டதும் செல்லும். செல்லாதுன்னா பொருளாளர் பதவிய நீங்களே வச்சுக்குங்க" என்றார். பூசாரிதான் பேசினார். "முனி பாதியும் வாங்கிக்கும்யா. முழுசுதான் வேணும்னு நின்னா, அது இங்க யாருகிட்ட வாங்குறது?" பாப்பா கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். அழவில்லை. மூன்றாவது சூடத்தை அவளே ஏற்றினாள், தொட மாட்டேன் என்றாள், அடித்தாள். கிருஷ்ணம்மா கைதட்ட ஆரம்பித்து, சுற்றிப் பார்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். வீடு வந்து சேர்வதற்குள் குழுவின் வாட்ஸ்அப் செய்தி வந்துவிட்டது. 'பெற்றோர் சத்திய நிகழ்ச்சி தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திவைக்கப்படுகிறது.' சூடத்தில் என்ன தொழில்நுட்பம் என்று யாரும் கேட்கவில்லை. கட்டைவிரல் படங்கள் மட்டும் வரிசையாக.

இன்று காலை வாசல் கதவைத் திறந்தால் கேட்டுக்கு உள்ளே உறுமி. யார் வைத்தது என்று தெரியாது. பாப்பா அதன் தோள்வாரை முகர்ந்து பார்த்தாள், சிரித்தாள், என்னிடம் நீட்டினாள். திராட்சை. காலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தலைவலி, இருக்கட்டும். திருவிழாவில் விடுவார்களா என்று குழு இன்னும் சொல்லவில்லை. தடுத்தால் தானும் அவளோடு வெளியே நிற்பதாக அப்பா சொன்னார், அவர் கையில் மருந்து போட்டுவிட்டது அவள்தான். எனக்கு இப்போது கவினை நினைத்துத்தான் கவலை. அவ்வளவு சத்தமாகச் சத்தியம் செய்த பிள்ளை இனி யாரிடம் போய் உண்மையைச் சொல்வான். நீ அவனோடு ஃபோனில் பேசு, சின்ன வயதில் உன் பின்னாலேயே பந்து பொறுக்கிக்கொண்டு திரிந்தவன். திட்டாதே. பாதி போதும் என்று சொல்.

நீ வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நண்பர்களோடு எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சத்தியம் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லாதே. வெயிலில் தொப்பி போடு. இரவில் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு வை, பொடி அதற்குத்தான். பாப்பாவை நீயாகவே கூப்பிடு, நடந்ததை நீ கேட்காதே, உறுமி எப்படிப் போகிறது என்று மட்டும் கேள், மற்றதை அவளே சொல்வாள்.

நீ தீபாவளிக்கு எப்போது வருகிறாய் என்று மணியம் அங்கிள் போன மாதமே கேட்டார். பாசம் என்று நினைத்தேன். விமான நிலையத்து வரியில்லாக் கடையில் இரண்டு புட்டி வேண்டுமாம், செய்தித்தாளில் சுற்றி, பிள்ளைகள் கண்ணில் படாமல். வாங்காதே. அப்பாவுக்கு வழக்கமாக நீ வாங்கி வருவாயே ஒன்று, அதையும் வாங்காதே. இன்று பசியாறும்போது அப்பா மெதுவாக ஆரம்பித்தார், "செல்வாவுக்கு இருபத்தஞ்சு ஆச்சு, அவன் என்ன சின்னப் பிள்ளையா" என்று. "எம்பிள்ளைங்கள அனுப்ப மாட்டேன்னு சொன்னீங்க, வயசு சொன்னீங்களா? சூடம் ஐசி கார்டு கேக்காது" என்றேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். சரி என்றார். சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

முனி உனக்கு முன்னும் பின்னும் நிற்கட்டும். போகிற இடத்தில் நல்ல மனிதர்கள் கிடைக்கட்டும், நீயும் அவர்களுக்கு ஒரு நல்ல மனிதனாகக் கிடை. வரும்போது எல்லோருக்கும் சாக்லேட் வாங்கி வா. மீதிக் காசு, வழக்கம்போல, உனக்கு.

அன்பு அம்மா,
சாந்தினி குணாளன்